செல்போர்ன்: முதலில் காடு, அப்புறம் ஊர்

செல்போர்ன் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் இருக்கும் சின்னக் கிராமம். லண்டன் வாட்டர்லூவில் ரயில் ஏறி ஆல்டனில் இறங்குங்கள். அங்கிருந்து பஸ், அடிக்கடி வராது, நேரத்தை முன்னாலேயே பார்த்து வையுங்கள்.

ஊருக்குப் பின்னால் செங்குத்தாக எழும் பீச் (beech) மரக்காட்டுக்கு முதலில் போங்கள். சுண்ணாம்புச் சரிவு, மழை பெய்தால் வழுக்கும். பிடிமானமுள்ள பூட்ஸ் கட்டாயம். 1753இல் இயற்கை ஆர்வலரான பாதிரியார் கில்பர்ட் வைட்டும் தம்பி ஜானும் வெட்டிய வளைவுப் பாதையிலேயே ஏறுங்கள். வளைவுக்கு வளைவு நின்று மூச்சு வாங்க வெட்கப்படாதீர்கள். என் மூட்டுவலிக்கு அந்த வளைவுகள்தான் மருந்து!

இறங்கியதும் தேவாலயம். 1990 ஜனவரிப் புயலில் சாய்ந்த யூ (yew) என்ற பசுமைமாறா மரத்தின் அடிமரத்தைப் பாருங்கள். வைட்டின் கல்லறை வடக்குப் பக்கம். முதலெழுத்துகளும் 1793ஆம் ஆண்டுத் தேதியும் கொண்ட சின்னக் கல், கண்ணில் படாமல் போய்விடும். அவர் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். டீயும் அங்கேயே கிடைக்கும்.