புது லோகோ, புது பாக்கெட்: மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2009 ஜனவரியில் அமெரிக்காவில் ட்ராபிகானா ஆரஞ்சுச் சாறு புது அட்டைப்பெட்டியில் கடைக்கு வந்தது. ஸ்ட்ரா செருகிய ஆரஞ்சுப் பழத்தின் படத்தை எடுத்துவிட்டுக் கண்ணாடி தம்ளரில் சாறு நிற்கும் படத்தைப் போட்டிருந்தார்கள். படுக்கைவாட்டில் இருந்த பெயரை நெட்டுக்குத்தாக நிறுத்தியிருந்தார்கள். உள்ளே அதே சாறுதான். ஆனால் ஜனவரி 1 முதல் பிப்ரவரி 22 வரைக்குள் விற்பனை சுமார் 20 சதவீதம் சரிந்தது. மறுநாளே, பழைய பெட்டி திரும்ப வரும் என்று அப்போதைய உரிமையாளரான பெப்சிகோ அறிவித்தது. புதுத் தோற்றத்தை விளம்பரம் செய்ய ஒதுக்கிய தொகை மட்டும் 3.5 கோடி டாலர்.

பெட்டி அசிங்கமாக இருந்ததால் இப்படி ஆகவில்லை. தனியாக வைத்துப் பார்த்தால் சுத்தமான, நேர்த்தியான வடிவமைப்புதான். சிக்கல் அலமாரியில் வந்தது. அவசரமாகச் சாமான் வாங்குகிறவர் பெயரை எழுத்துக்கூட்டிப் படிப்பதில்லை. நிறம், உருவம், அவை இருக்கும் இடம் ஆகிய மூன்றையும் வைத்துக் கை நீட்டுகிறார். ட்ராபிகானா இவற்றை ஒரே நாளில் மாற்றியது. சக்கை உள்ளது, சக்கை இல்லாதது என்ற வகைகளைப் பிரித்தறிவதும் கடினமானது. கடையின் சொந்தப் பெயரில் வரும் மலிவுச் சரக்கைப் போலத் தெரிகிறது என்றும் வாடிக்கையாளர்கள் குறை சொன்னார்கள்.

பொடி, எண்ணெய், ஊறுகாய் என்று சிறிய அளவில் தொழில் செய்கிறவருக்கும் இதே கணக்குதான். அவருக்குத் திரும்பிப் போகப் பணம் இருக்காது என்பதால் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

எதை வைத்து அடையாளம் காண்கிறார்கள் என்று பார்க்காமல் மாற்றுவது

2010 அக்டோபரில் கேப் துணி நிறுவனம் தன் நீலச் சதுர லோகோவை விட்டுவிட்டு, ஹெல்வெடிகா எழுத்தும் மூலையில் சின்னச் சதுரமும் கொண்ட ஒன்றை வெளியிட்டது. ஒரு வாரத்துக்குள் பழையதற்கே திரும்பியது. 2025 ஆகஸ்டில் கிராக்கர் பேரல் உணவகங்கள், பீப்பாயில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் முதியவரை லோகோவிலிருந்து நீக்கின. அதே மாதத்துக்குள் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டன. இரண்டிலும் நீக்கப்பட்டது, மக்கள் நினைவில் நிறுவனத்தின் முகமாக இருந்த பகுதி.

செலவில்லாமல் சோதிக்க வழி இருக்கிறது. பழைய பாக்கெட்டைப் பார்க்காமல், நினைவிலிருந்து வரைந்து காட்டும்படி பத்துப் பதினைந்து வாடிக்கையாளர்களிடம் கேளுங்கள். எல்லோரும் வரைவது எதுவோ, அதைத் தொடாதீர்கள். பிறகு புது மாதிரியை உண்மையான அளவில் அச்சிட்டு, வெற்று பாக்கெட்டில் ஒட்டி, போட்டிச் சரக்குகளுக்கு நடுவே ரேக்கில் வைத்து மூன்று மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். அதைப் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கியும், மங்கலாக்கியும், 120 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கியும் பாருங்கள். ஆன்லைன் கடையில் கிட்டத்தட்ட அந்த அளவில்தான் தெரியும். கணினித் திரையில் பெரிதாக்கி, வெள்ளைப் பின்னணியில் தனியாக வைத்து ஒப்புதல் கொடுப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. எந்தக் கடையிலும் பாக்கெட் அப்படித் தனியாக நிற்பதில்லை.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுவது

அதே ட்ராபிகானா 2024இல் புட்டியின் வடிவத்தை மாற்றியபோது அளவையும் 52 அவுன்ஸிலிருந்து 46 ஆகக் குறைத்தது. விலையும் மாறியது. விற்பனை மறுபடி இறங்கியது. மூன்றும் சேர்ந்து மாறியதால், எது எவ்வளவு சேதம் செய்தது என்று வெளியிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது.

ஜாகுவார் கதையில் தவறு வேறு பக்கம் நடந்தது. 2024 நவம்பரில் கார் ஒன்றுகூட இல்லாத விளம்பரத்தோடு புது அடையாளத்தை வெளியிட்டது. அடுத்த ஆண்டு விற்பனை எண்ணிக்கை பாதாளத்துக்குப் போனதைக் காட்டி, லோகோ செய்த நாசம் என்று பலர் எழுதினார்கள். உண்மையில் மின்சாரக் கார்களுக்கு மாறுவதற்காக அந்நிறுவனம் பழைய மாடல்களின் தயாரிப்பையே நிறுத்தி வந்தது. விற்க வண்டி இல்லாத மாதத்தின் எண்ணிக்கையை வைத்து விளம்பரத்தை எடை போட முடியாது. விளம்பரம் எனக்கும் பிடிக்கவில்லை, அது தனி விஷயம்.

ஆகவே தோற்றத்தை மாற்றும் காலாண்டில் எடை, விலை, செய்முறை எதையும் தொடாதீர்கள். முடிந்தால் ஒரு மாவட்டத்திலோ சில கடைகளிலோ முதலில் இறக்கி, பழைய பாக்கெட் விற்கும் கடைகளோடு எட்டு வாரமாவது ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் இரண்டு வார விற்பனை நம்பத் தக்கதல்ல. கடைக்காரர் புதுச் சரக்கைக் கூடுதலாக எடுத்து அடுக்கியதே அதில் தெரியும்.

அச்சகத்துக்குப் போகும் கோப்பில் நேரும் பிழைகள்

அதிகப் பணம் வீணாவது இங்கேதான். பவுச்சுகளைப் பெரும்பாலும் கிராவூர் முறையில் அச்சடிக்கிறார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர் செதுக்க வேண்டும். ஒரு எழுத்து பிழையானாலும் அந்த நிறத்தின் சிலிண்டரை மறுபடி செய்யச் செலவாகும். எனவே விலை, தயாரிப்புத் தேதி, பேட்ச் எண் ஆகியவற்றை சிலிண்டரில் ஏற்றாமல், இங்க்ஜெட்டில் அடிக்க வெற்றிடம் விடுங்கள். அந்த இடத்தில் வார்னிஷும் கூடாது. மை காயாமல் விரலோடு வந்துவிடும்.

திரையில் பளிச்சென்று எரியும் ஆரஞ்சும் பச்சையும் நான்கு நிற அச்சில் மங்கும். அடையாளமே அந்த நிறம்தான் என்றால் அதற்குத் தனி மை கேளுங்கள். இப்போது பலர் விரும்பும் பழுப்புக் கிராஃப்ட் தாளில், அடியில் வெள்ளை மை போடாமல் அச்சடித்தால் எல்லா நிறமும் பழுப்பேறும். சின்ன எழுத்துகளையும் பார்கோடையும் கறுப்பு மையில் மட்டும் வையுங்கள். நான்கு நிறத்தைக் கலந்து கறுப்பாக்கினால், தகடு கால் மில்லிமீட்டர் நகர்ந்தாலே விளிம்பில் நிழல் விழும். வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. வண்ணம் நீளட்டும், எழுத்து எதுவும் கோட்டுக்கு உள்ளே 3 மி.மீ.க்குள் வரக் கூடாது.

தமிழ் எழுத்தில் நேரும் சேதம் இன்னும் மோசம். பழைய கையெழுத்து வடிவப் பெயரை விட்டுவிட்டு, மெல்லிய ஃபாண்டில் பெயரைப் போடுகிறார்கள். நீளம் போதவில்லை என்று பக்கவாட்டில் நசுக்குகிறார்கள். நசுக்கினால் செங்குத்துக் கோடுகள் மட்டும் மெலிந்து எழுத்து நோயாளி போல் ஆகும். குறுகலான வடிவம் வேண்டுமென்றால் அப்படியே வரையப்பட்ட ஃபாண்டைத் தேடுங்கள், அல்லது எழுத்து வரைபவரிடம் கொடுங்கள். ஆங்கிலத்துக்குச் செய்வது போல எழுத்திடைவெளியை விரித்தால் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கும். இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் ஆகிய வடிவமைப்பு மென்பொருள்களில், இந்திய எழுத்துகளை ஒழுங்காகக் கோக்கும் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொ, கோ போன்றவை சிதறும். பாமினி போன்ற பழைய குறியீட்டு ஃபாண்டில் அடித்ததை அப்படியே அனுப்பினால், அந்த ஃபாண்ட் இல்லாத கணினியில் அது ஆங்கிலக் குப்பையாகத் திறக்கும். அனுப்பும் முன் எழுத்துகளை அவுட்லைனாக (ஃபாண்ட் தேவைப்படாத வெறும் வடிவமாக) மாற்றுங்கள், திருத்தக்கூடிய பிரதியைத் தனியே வைத்திருங்கள். ப்ரூஃபை, அதாவது சோதனை அச்சை, காகிதத்தில், உண்மையான அளவில் பாருங்கள். புள்ளி அடைபட்டிருக்கிறதா, ண-ன, ல-ள-ழ சரியா என்று வடிவமைப்பில் சம்பந்தப்படாத ஒருவர் வாய்விட்டுப் படிக்கட்டும்.

பார்கோடும் சட்டக் குறிகளும்

தோற்றம் மட்டும் மாறினால் பார்கோடு எண்ணை மாற்றத் தேவையில்லை. நிகர எடை மாறினாலோ, பிராண்டின் பெயரே மாறினாலோ புது எண் வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்கிறவர்கள் நிறைய. 500 கிராமை 450 ஆக்கிவிட்டு எண்ணை அப்படியே விட்டால், கடையின் பில்லிங் மென்பொருளில் இரண்டும் ஒரே சரக்காகக் கலந்து இருப்புக் கணக்குக் குழம்பும்.

13 இலக்கப் பார்கோடின் முழு அளவு 37.29 × 25.93 மி.மீ. 80 சதவீதத்துக்குக் கீழே சுருக்கக் கூடாது. முழு அளவில் இடப்பக்கம் 3.63, வலப்பக்கம் 2.31 மி.மீ. வெற்றிடம் வேண்டும், அழகுக்காக அதில் கோடோ பூவோ போட்டால் ஸ்கேனர் தடுமாறும். சிவப்புக் கோடுகள் வேண்டவே வேண்டாம். கடை ஸ்கேனர்கள் பெரும்பாலும் சிவப்பு ஒளியில் படிப்பவை, அவற்றுக்குச் சிவப்பும் வெள்ளையும் ஒன்றுதான். பளபளக்கும் வெள்ளிப் படலத்தின் மேல் நேரடியாக அடிக்காமல் வெள்ளைக் கட்டம் போட்டு அடியுங்கள்.

உணவுப் பொருளுக்கு, சதுரத்துக்குள் பச்சை வட்டம் கொண்ட சைவக் குறி முன்பக்கத்தில், பெயருக்கு அருகே, பின்னணியிலிருந்து பிரிந்து தெரிய வேண்டும். பச்சை பாக்கெட்டில் அது கரைந்துபோவது அடிக்கடி நடக்கிறது. 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணையும் பழைய ஆர்ட்வொர்க்கோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள்.

புது லோகோவுக்குத் தனியாக டிரேட்மார்க் விண்ணப்பம் போட வேண்டும். பழையதன் பதிவு, வடிவம் முழுதும் மாறிய ஒன்றைத் தானாகக் காக்காது. பதிவு கிடைக்கும் முன் வட்டத்துக்குள் ஆர் குறி போடுவது 1999 டிரேட்மார்க் சட்டத்தின் 107ஆம் பிரிவின்படி குற்றம். அதுவரை டிஎம் குறி போதும். பழைய லோகோவை அடியோடு கைவிட்டால், ஐந்து ஆண்டும் மூன்று மாதமும் பயன்படுத்தவில்லை என்று காட்டி மற்றவர் அதை நீக்கக் கோரலாம். ஏதாவது ஒரு சிறிய பொருளிலாவது அதை உயிரோடு வைத்திருப்பது நல்லது.

பெயரையே மாற்றுகிறவர்களுக்கு

2023 ஜூலையில் ட்விட்டர் எக்ஸ் ஆனது. இணைய முகவரி முழுமையாக மாற 2024 மே ஆயிற்று. இடையில் 2024 ஏப்ரலில் ஐபோன் செயலி, பதிவுகளில் ட்விட்டர்.காம் என்று வந்த இடமெல்லாம் எக்ஸ்.காம் என்று தானாக மாற்றிக் காட்டத் தொடங்கியது. முழு முகவரியா, ஒரு பகுதியா என்று அது பார்க்கவில்லை. அதனால் நெட்ஃப்ளி (netfli) என்ற எழுத்துகளோடு ட்விட்டர்.காம் சேர்த்து ஒருவர் முகவரி பதிந்தால், திரையில் நெட்ஃப்ளிக்ஸ்.காம் என்று தெரிந்தது. தட்டினால் வேறெங்கோ போனது. மோசடிக்காரருக்குத் திறந்த கதவு. விரைவில் சரிசெய்தார்கள்.

உங்கள் தளத்திலும் கண்ணை மூடிக்கொண்டு தேடி மாற்றாதீர்கள். பழைய பக்கங்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றையும் அதற்கு நேரான புதுப் பக்கத்துக்கு 301 என்ற நிரந்தர மாற்ற முறையில் திருப்புங்கள். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பினால் தேடலில் சேர்த்துவைத்த இடம் போய்விடும். பழைய முகவரியை ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டே இருங்கள், இல்லாவிட்டால் அதை வாங்குகிறவருக்கு உங்கள் பெயருக்கு வரும் மின்னஞ்சலும் போய்ச் சேரும். வாட்ஸ்அப் பிசினஸ், கூகுள் மேப், பில் புத்தகம், கூரியர் கணக்கு ஆகியவற்றில் ஒரே வாரத்தில் பெயரை மாற்றுங்கள்.

பழைய இருப்பு தீரும் வரை ஆன்லைன் படத்தை மாற்றாதீர்கள். படத்தில் ஒன்று, கையில் வேறொன்று வந்தால் வாங்கியவர் போலி என்று நினைத்துத் திருப்பி அனுப்புவார். புது பாக்கெட்டின் முன்பக்கத்தில் பழையதன் சிறிய படத்தோடு "தோற்றம் புதிது, பொருள் அதே" என்று குறைந்தது ஆறு மாதம் இருக்கட்டும். அதையும் சிலிண்டரில் ஏற்றாமல் ஒட்டியாகப் போட்டால், பிறகு எடுத்துவிடுவது எளிது.