உப்புக்காற்றில் பைலட் ரோபோ: துருவை எப்படித் தடுப்பது

பொம்மைக் கம்பெனி ஹாஸ்ப்ரோவின் ஸ்டார் வார்ஸ் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் (உருமாறும் ரோபோ பொம்மை) வரிசையில் எக்ஸ்-விங் விண்கலம், படத்தின் நாயகன் லூக்கின் முகமுள்ள ரோபோவாக மாறும். அதை ஓட்டுவதற்கு ஒரு குட்டி லூக் பொம்மையும் கூடவே வரும். மில்லேனியம் ஃபால்கன் விண்கலம் ஹான், சூபாக்கா என்ற படப் பாத்திரங்களாக இரண்டு ரோபோவாகப் பிரியும். 2008இல் இதே பாணியில் மார்வெல் காமிக்ஸ் பாத்திரங்களும் கிராஸ்ஓவர்ஸ் என்ற பெயரில் வந்தன. இவை எல்லாமே இப்போது பழைய பொருள்தான். கீழக்கரையிலோ மண்டபத்திலோ ராமேஸ்வரத்திலோ அலமாரியில் நிற்கும் பொம்மை கை படாமலே கெடும். 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தையே தின்ற உப்புக்காற்று இது. பிளாஸ்டிக்கை அது ஒன்றும் செய்யாது. உள்ளே இருக்கும் ஸ்க்ரூ, ஸ்பிரிங், கீல் பின் மூன்றும்தான் துருப்பிடிக்கும். துரு ஏறிய கீல் பின் உப்பி, சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைப் பிளந்துவிடும்.

முதலில் பைலட்டை, அதாவது அந்தக் குட்டிப் பொம்மையை, வெளியே எடுங்கள். அது மென்மையான பிவிசி பிளாஸ்டிக். வெயில் காலத்தில் மாதக்கணக்காக உள்ளேயே உட்கார்ந்திருந்தால், அதிலிருந்து கசியும் பிசுக்கு காக்பிட்டை (பைலட் உட்காரும் இடம்) கறைப்படுத்தும், கண்ணாடி மூடியோடு ஒட்டியும் கொள்ளும்.

ரோபோவைப் பிரிக்க பிஎச்0 (கூட்டல் குறி முனையுள்ள சின்ன) ஸ்க்ரூடிரைவர் போதும். ஓர் அட்டையில் ரோபோவின் உருவத்தை வரைந்து, கழற்றும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அதனதன் இடத்தில் டேப் போட்டு ஒட்டுங்கள். எல்லாம் ஒரே நீளம் இல்லை. குட்டை ஓட்டையில் நீளமான ஸ்க்ரூ போனால் மறுபக்கம் துளைத்துக்கொண்டு வரும். இறுகிப்போன ஸ்க்ரூவோடு மல்லுக்கட்டினால் தலைதான் வழுக்கும். சால்டரிங் அயர்ன் முனையை அதன் தலையில் பத்து நொடி வைத்தால் பிளாஸ்டிக் இளகி விடும், உடனே திருப்புங்கள். அதற்கு மேல் வைத்தால் ஸ்க்ரூ பிடித்திருக்கும் குழாயே உருகிவிடும்.

கீல் பின்னின் ஒரு முனையில் வரிவரியாகப் பல் இருக்கும். வழவழப்பான முனையிலிருந்து தட்டி, பல் உள்ள பக்கமாக வெளியே தள்ள வேண்டும். மாற்றித் தட்டினால் பல் ஓட்டை முழுக்கச் சீவிக்கொண்டே போகும்; பிறகு அந்தக் கீல் நிற்காது.

துருப்பிடித்த ஸ்க்ரூ, பின்களை மட்டும் வினிகரில் நாலு மணி நேரம் ஊறவிட்டு, பழைய டூத் பிரஷால் தேயுங்கள். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சோடா உப்பு கலந்து அலசி, உடனே துடையுங்கள். குரோம் பூச்சு, வார்ப்பு உலோகப் பாகம் எதுவும் வினிகர் பக்கமே போகக்கூடாது.

பிளாஸ்டிக்கைக் கழுவும் இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீரும் போர் தண்ணீரும் பெரும்பாலும் உப்பு. அதில் கழுவினால், வெளியே எடுத்த உப்பை மூட்டுக்குள் நாமே திரும்ப வைத்த மாதிரி. கேன் தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டுக் கழுவுங்கள். கடைசி அலசலுக்கு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். ஸ்டிக்கர் உள்ள பாகத்தை ஊறவிடாமல் ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஃபேன் காற்றில் ஒரு நாள் முழுக்க உலரட்டும். வெயிலில் வைத்தால் வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளாகும்.

பூட்டும்போது மூட்டுக்கும் ஸ்க்ரூவுக்கும் சிலிக்கான் கிரீஸ் மட்டும், ஊசி முனையளவு. தேங்காய் எண்ணெய் சில மாதத்தில் பசையாகித் தூசியைப் பிடிக்கும். மெஷின் எண்ணெய் பட்டால், ஸ்க்ரூ இறுக்கியிருக்கும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் குழாயில் கீறல் விழலாம். ஸ்க்ரூவை முதலில் இடப்பக்கமாகச் சுற்றுங்கள்; 'டக்'கென்று பழைய மரையில் விழும், அப்புறம் முறுக்குங்கள். நேரடியாக முறுக்கினால் புது மரை வெட்டி, இரண்டு மூன்று தடவையில் பிடிப்பே போய்விடும்.

பந்து மூட்டு தளர்ந்திருந்தால், பந்தைக் கழற்றி வெளியே வைத்து ஃபெவிக்விக்கை மெல்லிசாகத் தடவி, ஒரு நாள் காய்ந்த பிறகே மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் அந்தத் தோள் இனி அசையாது. கண்ணாடிப் பாகம் பக்கத்தில் இதைச் செய்யாதீர்கள்; ஆவி பட்டு வெள்ளை பூத்துவிடும்.

வைப்பதற்கு ரப்பர் விளிம்புள்ள காற்றுப் புகாத டப்பா. 10 லிட்டர் டப்பாவுக்கு 100 கிராம் சிலிக்கா ஜெல் போடுங்கள். நிறம் மாறும் ஆரஞ்சு மணியாக வாங்கினால் எப்போது ஈரத்தால் நிறைந்தது என்று தெரியும். 110 டிகிரி செல்சியஸ் ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி வேலை செய்யும். வாடைக்காற்று மழை மாதங்களில் வாரம் ஒருமுறை பாருங்கள். அந்துருண்டை மட்டும் வேண்டவே வேண்டாம், அது பிளாஸ்டிக்கை இளக்கும். பைலட்டைத் தனி பாலிதீன் கவரில் போட்டு மூடியின் உட்புறம் ஒட்டிவையுங்கள். விரல் நுனி அளவுப் பொம்மைதான், ஆனால் அது தொலைந்தால் பழைய பொம்மை வாங்குபவர்கள் முதலில் விலையைத்தான் குறைப்பார்கள்.