விட்டுப்போன தைராய்டு மாத்திரையை மறுபடி தொடங்குவது எப்படி?

அம்மாவுக்கு வயது 62. "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று நாலு மாதம் தைராய்டு மாத்திரையை விட்டுவிட்டார். முகம் உப்பி, சித்திரை வெயிலிலும் போர்வை கேட்டபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. பயந்துபோய் மறுநாளே பழைய 75 மைக்ரோகிராமை யாரையும் கேட்காமல் தொடங்கினார். பத்தே நாளில் நெஞ்சுப் படபடப்பு. ராத்திரித் தூக்கமும் போயிற்று. அந்தத் தவறை நீங்கள் செய்யக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் டாக்டர், அப்புறம் டப்பா

தைராய்டு மாத்திரையில் இருக்கும் மருந்தான லெவோதைராக்சின் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனால் நிறுத்தியதும் ஒன்றும் தெரியாது. வாரக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் உடம்பு மந்தமாகும். அந்த மந்தத்துக்கு இதயமும் பழகிவிடுகிறது. திடீரென்று முழு அளவு உள்ளே போனால் துடிப்பு கூடும், இதயத்துக்குத் தேவைப்படும் ஆக்சிஜனும் கூடும். இளவயதில், இதயக் கோளாறு இல்லாதவருக்குப் பழைய அளவையே டாக்டர் தரக்கூடும். வயதானவருக்கும் இதய நோயாளிக்கும் 12.5 அல்லது 25 மைக்ரோகிராமில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவார்கள். அம்மாவுக்கும் கடைசியில் 25தான் கொடுத்தார்கள்.

சர்க்கரை மாத்திரையோ, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரினோ சாப்பிடுகிறவர் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அவற்றின் அளவையும் மாற்ற வேண்டிவரலாம். கர்ப்பமாக இருந்தால் டாக்டரைப் பார்ப்பதை ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

விட்டுப்போன நாட்களுக்கு ஈடாக இரண்டிரண்டாகப் போடவே கூடாது.

நாடியைக் குறித்து வையுங்கள்

தொடங்கும் முன்பே இதைச் செய்யுங்கள். காலையில் ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள். கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டின் உள்பக்கம் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெதுவாக வையுங்கள். 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். அம்மாவின் காலண்டரில் தினமும் தேதிக்குப் பக்கத்தில் அந்த எண்ணை எழுதினோம். "படபடன்னு இருக்கு" என்று சொல்வதைவிட, "66 இருந்தது, இப்போ 98" என்று சொன்னால் டாக்டருக்கு உடனே விளங்கும்.

வெறும் வயிறு, வெறும் தண்ணீர்

காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி. இது ஒரு நாள் சரியாகவும் ஒரு நாள் தப்பாகவும் நடந்தால் உடம்பில் சேரும் அளவும் ஏறி இறங்கும்.

என்னென்ன தெரியலாம்?

லேசான தலைவலி, கூடுதல் பசி, முதல் சில மாதங்களில் முடி உதிர்வு. முடி பெரும்பாலும் தானாகவே சரியாகும். ஆனால் படபடப்பு, கை நடுக்கம், அதிக வியர்வை, எரிச்சல், தூக்கமின்மை, வயிற்றுப்போக்கு என்று சேர்ந்து வந்தால் அளவு கூடிவிட்டது என்று பொருள் கொள்ளலாம். டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், குறைத்துத் தருவார். பயந்து நீங்களாக மறுபடி நிறுத்தினால் பழைய கதைதான்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம், தாறுமாறான துடிப்பு — இவற்றில் எது வந்தாலும் போனில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். உடனே 108ஐ அழையுங்கள்.

கடும் சோர்வோடு வாந்தியும் தலைசுற்றலும் வந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியில் குறைபாடு இருந்தால் இந்த மாத்திரை அதை மோசமாக்கும்.

6 முதல் 8 வாரத்தில் ரத்தப் பரிசோதனை

அதற்கு முன்பு பார்த்தால் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவு நிலைக்கு வந்திருக்காது. முடி கொட்டுகிறதே என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை வாங்கியிருந்தால், பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். அது முடிவைத் தப்பாகக் காட்டும். அன்று காலை மாத்திரையைப் பையில் எடுத்துப் போய், ரத்தம் கொடுத்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள். நாடி எழுதிய காலண்டர் தாளையும் கூடவே கொண்டுபோங்கள்.