உலாவியில் மட்டும் ஒலி தாழ்ந்தால்: லினக்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற ஆண்டு என் அத்தையின் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட் நிறுவிக் கொடுத்தேன். விடிந்ததும் கச்சேரி கேட்பது அவர் வழக்கம். சில வாரங்கள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். "பாட்டு எங்கோ பக்கத்துத் தெருவில் பாடுவது போலக் கேட்கிறதப்பா" என்றார். நேரில் போய்ப் பார்த்தேன். விஎல்சி என்ற பிளேயரில் பாட்டு முழுச் சத்தத்தோடு கேட்டது. உலாவியான ஃபயர்பாக்ஸில் மட்டும்தான் குறைவு. உடனே ஃபயர்பாக்ஸை நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவினேன். ஒரு மாற்றமும் இல்லை.

இந்தச் சிக்கலில் பலரும் முதலில் செய்யும் தவறு இதுதான். லினக்ஸில் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி ஒலியளவு உண்டு. அதை நினைவில் வைத்திருப்பது உலாவி அல்ல, கீழே இருக்கும் ஒலிச் சேவை. பல ஆண்டுகளாக அந்த வேலையைப் பல்ஸ்ஆடியோ செய்தது. இப்போது பைப்வயர் செய்கிறது: லினக்ஸ் வகைகளில் ஃபெடோரா 2021இல் 34ஆம் பதிப்பிலும், உபுண்டு 22.10இலும், மின்ட் 2024இல் 22ஆம் பதிப்பிலும் அதற்கு மாறின. நீங்கள் உலாவியை எத்தனை முறை நீக்கி நிறுவினாலும் "ஃபயர்பாக்ஸுக்கு இவ்வளவு" என்று எழுதி வைத்த அந்தக் குறிப்பு அழிவதில்லை. உலாவி திரும்பி வந்ததும் பழைய அளவே அதன் தலையில் ஏறிவிடும்.

அந்த அளவைப் பார்க்கப் பாவுகன்ட்ரோல் (pavucontrol) என்ற சிறு மென்பொருள் போதும். பைப்வயரிலும் அது வேலை செய்யும். ஆனால் அதைத் திறப்பதிலும் ஒரு தவறு நேர்கிறது. பாட்டை நிறுத்திவிட்டுத் திறக்கிறார்கள். முதல் தாவலான பிளேபேக்கில், அந்த நொடியில் ஒலித்துக்கொண்டிருக்கும் செயலிகள் மட்டுமே தெரியும். பாட்டு நின்றிருந்தால் அங்கே ஃபயர்பாக்ஸ் இருக்காது. "இங்கே ஒன்றுமில்லையே" என்று மூடிவிடுகிறார்கள். காணொளியை ஓடவிட்டுக்கொண்டே திறக்க வேண்டும். அத்தையின் கணினியில் அப்படித் திறந்தபோது ஃபயர்பாக்ஸ் என்ற பெயருக்குக் கீழே ஸ்லைடர் 31 சதவீதத்தில் நின்றிருந்தது, பக்கத்தில் -30.5 டெசிபெல் என்று காட்டியது. விடுமுறைக்கு வந்திருந்த பேரன் இரவில் படம் பார்த்தபோது இறக்கி வைத்தது. 100க்கு இழுத்தேன், பாட்டு அறைக்குள் வந்தது.

அந்த டெசிபெல் எண்ணைக் கவனியுங்கள். இந்த ஸ்லைடர் நேர்க்கோட்டில் இயங்குவதில்லை. 50 சதவீதம் என்றால் பாதி அலைவீச்சு, அதாவது ஒலி அலையின் பாதி உயரம், என்று தோன்றும். உண்மையில் அது எட்டில் ஒரு பங்கு, அதாவது -18 டெசிபெல். செயலியின் ஸ்லைடர் 50, மொத்த ஒலியளவும் 50 என்றால் இரண்டும் பெருக்கிக்கொண்டு, ஒற்றை ஸ்லைடரை 25இல் வைத்ததற்குச் சமமாகிவிடும். ஆகவே எங்கோ ஓர் இடத்தில் பாதி, இன்னோர் இடத்தில் பாதி என்று விட்டுவிட்டுக் கணினியைக் குறை சொல்வதில் பயனில்லை. முதலில் ஒவ்வொரு படியையும் 100க்குக் கொண்டுவாருங்கள். மொத்த ஒலியளவு ஒன்றை மட்டும் பிறகு உங்கள் காதுக்கு ஏற்றபடி குறைத்துக்கொள்ளுங்கள். வலைத்தளத்தின் பிளேயருக்குள் இருக்கும் சிறு ஒலிபெருக்கிக் குறியும் ஒரு படிதான். அதை மறப்பவர்கள் ஏராளம்.

100ஐத் தாண்டுவது எனக்குச் சற்றும் உடன்பாடில்லாத பழக்கம். பாவுகன்ட்ரோல் 153 சதவீதம் வரை, அதாவது சுமார் 11 டெசிபெல் கூடுதலாக, இழுக்க அனுமதிக்கிறது. பேச்சு மெலிதாகப் பதிவான பாடத்துக்கு அது உதவலாம். ஆனால் ஏற்கெனவே உரக்கப் பதிவான பாட்டின் உச்சங்கள் அங்கே வெட்டுப்படும். மிருதங்கத்தின் ஒவ்வொரு அடியும் கரகரக்கும், ஒலிபெருக்கியும் பாடுபடும். உலாவியில் ஒலிகூட்டும் நீட்சிகளைச் சேர்ப்பவர்களும் இதையேதான் செய்கிறார்கள். கூடவே, எல்லாத் தளங்களிலும் நீங்கள் பார்ப்பதைப் படிக்கும் அனுமதியையும் அவற்றில் பலவற்றுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். சத்தத்துக்காக அவ்வளவு பெரிய சாவியைக் கொடுக்காதீர்கள். கூடுதல் ஒலி உண்மையிலேயே தேவைப்பட்டால், பைப்வயரோடு இயங்கும் ஈஸிஎஃபெக்ட்ஸ் என்ற மென்பொருளில் லிமிட்டரை வைத்து உயர்த்தலாம். அது உச்சங்களை அடக்கிவிட்டு மற்றதைத் தூக்கும்.

குறை காணொளியிலேயே இருக்கக்கூடும் என்பதையும் சோதியுங்கள். யூடியூபில் படத்தின் மேல் வலது சொடுக்குச் செய்து நுட்பப் புள்ளிவிவரங்களைத் (Stats for nerds) திறந்தால் ஒலியளவு வரியில் உள்ளடக்கத்தின் உரப்பு டெசிபெலில் தெரியும். அந்த எண் கழித்தல் குறியோடு இருந்தால் காணொளியே மெலிதாகப் பதிவேறியிருக்கிறது. உரத்தவற்றைக் குறைக்கும் யூடியூப், பொதுவாக மெலிந்தவற்றை உயர்த்துவதில்லை. ஒரே ஒரு காணொளியை வைத்து முடிவுகட்டாமல், இரண்டு மூன்று தளங்களில் கேட்டுப் பாருங்கள்.

எல்லாச் செயலிகளிலும் ஒலி குறைவு என்றால் உலாவியை விட்டுவிட்டு, ஒலி அட்டையின் அளவுகளைக் காட்டும் அல்சாமிக்சருக்கு (alsamixer) போங்கள். கட்டளைச் சாளரமான டெர்மினலில் அந்தப் பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்தால் திறக்கும். இங்கேயும் பலர் ஏமாறுகிறார்கள்: முதலில் தெரியும் திரை பெரும்பாலும் ஒலிச் சேவையின் ஒற்றைத் தூண்தான். எஃப்6 விசையை அழுத்தி உண்மையான ஒலி அட்டையைத் தேர்ந்தெடுத்தால்தான் மாஸ்டர், ஹெட்ஃபோன், ஸ்பீக்கர், பிசிஎம் என்று தனித்தனித் தூண்கள் வரும். ஒரு தூணின் அடியில் எம்எம் (MM) என்று இருந்தால் அது வாய் அடைக்கப்பட்டிருக்கிறது. எம் விசை அதைத் திறக்கும்.

புளூடூத் ஹெட்செட் வைத்திருப்பவர்களின் கதை வேறு. உலாவியில் ஒரு கூட்டத்துக்காக ஹெட்செட்டின் மைக்கை இயக்கியதும், அது இசைக்கான ஏ2டிபி முறையை விட்டுத் தொலைபேசி உரையாடலுக்கான முறைக்கு இறங்கிவிடும். ஒலி ஒற்றைத் தடமாகி, மெலிந்து, தகரக் குரலாகும். ஸ்லைடரை எவ்வளவு ஏற்றினாலும் தெளிவு திரும்பாது. பாவுகன்ட்ரோலின் கடைசித் தாவலான கான்ஃபிகரேஷனில் முறையை மாற்றுங்கள். கூட்டங்களுக்கு மடிக்கணினியின் சொந்த மைக்கையே பயன்படுத்துங்கள்.

பழைய குறிப்பு ஒன்றைப் படித்துவிட்டுப் பல்ஸ்ஆடியோவையோ பைப்வயரையோ கணினியிலிருந்து நீக்குவதுதான் இவற்றில் மிகவும் விலை கொடுக்க வைக்கும் தவறு. ஃபயர்பாக்ஸ் 2017இல் வந்த 52ஆம் பதிப்பிலேயே, ஒலி அட்டையை இயக்கும் அடித்தளமான அல்சாவோடு நேரடியாகப் பேசுவதைக் கைவிட்டது. ஒலிச் சேவையை எடுத்துவிட்டால் குறைந்த ஒலியும் போய் அமைதிதான் மிஞ்சும். டெஸ்க்டாப்பின் வேறு சில மென்பொருள் பொதிகளும் கூடவே கழன்றுபோகலாம். நீக்கச் சொல்லும் கட்டளையை உள்ளிட்டவுடன் "இவையும் நீக்கப்படும்" என்று கணினி காட்டும் பட்டியலை முழுக்கப் படியுங்கள், "ஆம்" என்று அழுத்துவதற்கு முன்பே.

அத்தையின் கணினியில் பாவுகன்ட்ரோலை டெஸ்க்டாப் திரையிலேயே ஒரு குறுக்குவழிச் சின்னமாக வைத்துவிட்டு வந்தேன். இந்த விடுமுறையில் பேரன் வந்து போனபிறகு அவரே அதைத் திறந்து ஸ்லைடரைச் சரிசெய்துகொண்டதாகச் சொன்னார்.