கூலி மட்டும் கேட்கவில்லை: பூர்வகுடிகளோடு நிற்கும் தொழிற்சங்கத்தினர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூர்வகுடிகளின் நில உரிமைக்குத் தோள் கொடுக்க வரும் சங்கத் தோழர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். எல்லாவற்றையும் கூலிப் பிரச்சினையாகப் பார்க்கிறார்கள். சங்கத்துக்குப் பழகிய மொழி அது என்பதால் தவறு செய்கிறோம் என்றே தெரிவதில்லை.

ஆஸ்திரேலியாவின் நார்தர்ன் டெரிட்டரியில் உள்ள வேவ் ஹில்லை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனின் வெஸ்டி நிறுவனத்துக்குச் சொந்தமான மாட்டுப் பண்ணை அது. 1966 ஆகஸ்ட் 23 அன்று வின்சென்ட் லிங்கியாரி தலைமையில் அந்த நிலத்தின் பூர்வகுடிகளான குரிண்ஜி மக்கள் சுமார் 200 பேர் அங்கிருந்து வெளியேறினார்கள். மாடு மேய்த்தவர்கள், பண்ணை வீட்டில் வேலை செய்த பெண்கள், குழந்தைகள் என்று குடும்பம் குடும்பமாக நடந்தார்கள். பூர்வகுடித் தொழிலாளர்களுக்கும் சம ஊதியம் என்ற தீர்ப்பு அந்த மார்ச்சிலேயே வந்துவிட்டது. ஆனால் அது அமலுக்கு வர 1968 டிசம்பர் வரை பொறுத்திருக்கச் சொன்னார்கள். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு இது கூலிக்கான வேலைநிறுத்தம். மறு ஆண்டே அவர்கள் வாட்டி ஓடைக்கரையில், டகுராகுவில் போய்க் குடியேறி, தங்கள் நிலத்தைத் திருப்பிக் கேட்டு கவர்னர் ஜெனரலுக்கு மனு எழுதினார்கள். கூலியை ஏற்றினால் திரும்பி வந்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டவர்களுக்கு அந்தக் கணக்கு கடைசிவரை பலிக்கவில்லை.

அடுத்த தவறு, உதவ வந்தவர்களே தலைமையைக் கையில் எடுத்துக்கொள்வது. டார்வினைச் சேர்ந்த பிரையன் மேனிங் என்ற தொழிற்சங்கக்காரர் செய்ததைப் பாருங்கள். தன் பெட்ஃபோர்டு லாரியில் உணவுப் பொருள்களை ஏற்றிக்கொண்டு, பூர்வகுடி அமைப்பாளர் டெக்ஸ்டர் டேனியல்ஸோடு சுமார் 800 கிலோமீட்டர் தாண்டிப் போனார். அதற்கப்புறமும் பல முறை போனார். முகாமில் அடுப்பு எரிய வேண்டும், அதுதான் அவர் வேலை. எங்கே குடியேறுவது, எதைக் கேட்பது என்பதையெல்லாம் குரிண்ஜிகள்தான் முடிவு செய்தார்கள். எனக்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியாது.

இறையாண்மை, அதாவது தங்கள் நிலத்தைப் பற்றித் தாங்களே முடிவு செய்யும் அதிகாரம், என்ற சொல் இங்கேதான் வருகிறது. அரசு அனுமதி கொடுத்துவிட்டால் நிலத்துக்குரியவர்கள் சம்மதித்த மாதிரிதான் என்று நினைப்பது பெரிய பிழை. 1980இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் நூன்கன்பாவில், யுங்நோரா மக்களின் புனித இடத்தில் எண்ணெய்க் கிணறு தோண்ட நிறுவனத்தின் கையில் உரிமம் இருந்தது. மக்கள் கூடாது என்றார்கள். சங்கங்கள் மக்களின் பேச்சைத்தான் கேட்டன. அந்த வேலையைத் தொட மறுத்தன. மாநில அரசோ போலீஸ் காவலோடு லாரிகளை அனுப்பி, சங்கத்தில் இல்லாத ஆட்களை வைத்துத் தோண்டியது. எண்ணெய் கிடைக்கவில்லை. 2007இல் அந்த மக்களின் நில உரிமையை நீதிமன்றம் அங்கீகரித்தது.

கூட்டம் தொடங்கும்போது பூர்வகுடிகளுக்கு மரியாதை சொல்லி நாலு வரி வாசிப்பது நல்ல வழக்கம்தான். அதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. நாம் வேலை செய்யும் இடம் எந்த மக்களுடையது, அவர்களுக்காகப் பேசும் அமைப்பு எது, ஒப்பந்தத்தில் கையெழுத்து விழும் முன்பே அவர்களிடம் கேட்டார்களா என்று விசாரிக்க வேண்டும்.

சரி, வேலை போனால் வீட்டில் எப்படி உலை வைப்பது? நியாயமான கேள்வி. அதை அமுக்குவதும் தவறுதான். 2016இல் அமெரிக்காவின் ஸ்டாண்டிங் ராக் பழங்குடியினர் டகோட்டா எண்ணெய்க் குழாயை எதிர்த்தபோது, அந்நாட்டுத் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பான ஏஎஃப்எல்-சிஐஓவின் தலைமை வேலைவாய்ப்பைச் சொல்லி அந்தத் திட்டத்தை ஆதரித்தது. செவிலியர் சங்கம் போன்றவை பழங்குடியினர் பக்கம் நின்றன. குழாய் பதிக்கும் தொழிலாளியைத் துரோகி என்று திட்டினால் அவரை நிறுவனத்தின் பக்கம் தள்ளிவிடுவோம். அவருக்கு மாற்று வேலை கேட்டுச் சங்கம் முதல் நாளிலிருந்தே போராட வேண்டும்.

இன்னொன்று, படம் எடுத்ததும் கலைந்துபோவது. 1975 ஆகஸ்ட் 16 அன்று பிரதமர் காஃப் விட்லம் ஒரு கைப்பிடி மண்ணை லிங்கியாரியின் உள்ளங்கையில் கொட்டினார். அந்தப் படம் உலகெங்கும் போனது. ஆனால் அன்று குரிண்ஜிகளுக்குக் கிடைத்தது குத்தகைப் பத்திரம் மட்டுமே. நிலம் முழு உரிமையோடு அவர்கள் கைக்கு வந்தது 1986இல், பண்ணையை விட்டு நடந்து இருபது ஆண்டுகள் கழித்து.