சிகரெட்டை விட்டவர்கள் பேக்கரியில் செய்யும் தவறும் வேறு சிலவும்

எங்கள் லேத் பட்டறைத் தெருவில் யாராவது சிகரெட்டை விட்டால், கொஞ்ச நாளில் என்னிடம் வந்து நிற்பார்கள். நான் விட்டுப் பல வருடம் ஆகிவிட்டதால் ஏதோ பட்டம் வாங்கியவன் என்று நினைப்பு. எப்படி விடுவது என்று கேட்டு வருபவர்கள் குறைவு. "பேண்ட் பத்தலைங்ணா" என்றுதான் வருவார்கள். போன மாதம்கூட இரண்டு பேர். நான் அந்தக் காலத்தில் செய்த அதே கூத்துகளை, வரிசைகூட மாறாமல், இருவரும் செய்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதி வைக்கிறேன்.

இனிப்பைக் குறை, எண்ணெய்ப் பலகாரம் தின்னாதே, தினமும் நட என்பதையெல்லாம் சொல்லப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

முதலில் கணக்கு. சிகரெட்டை விட்டவர்களுக்கு ஒரு வருடத்தில் சராசரியாக 4 முதல் 5 கிலோ ஏறுகிறது. அதில் பாதிக்கு மேல் முதல் 3 மாதத்திலேயே ஏறிவிடும். இது சராசரிதான். ஆறு பேரில் ஒருவருக்கு எடை குறையவே செய்கிறது. ஏழெட்டுப் பேரில் ஒருவருக்கு 10 கிலோவைத் தாண்டுகிறது. காரணம் இரண்டு. நிக்கோட்டின் மூளையில் பசியை அமுக்கி வைத்திருந்தது. அது போனதும் பசி தன் வேலையைக் காட்டுகிறது. அப்புறம், நிக்கோட்டின் உள்ளே இருந்தவரை உடம்பு சும்மா இருக்கும்போதும் கொஞ்சம் அதிகமாகவே எரித்துக்கொண்டிருந்தது. இந்த எரிப்பைத்தான் மெட்டபாலிசம் என்கிறார்கள். நாளுக்கு இருபது, இருபத்தைந்து பிடித்தவருக்கு அந்த உபரிச் செலவு 200 கலோரி அளவில் இருக்கும். இந்த 200ஐ ஞாபகத்தில் வையுங்கள், பேக்கரிக்குப் போகும்போது தேவைப்படும்.

விட்ட அன்றே டயட்டும் ஆரம்பிப்பது

எடை ஏறும் என்று கேள்விப்பட்டதும் சிலர் முன்ஜாக்கிரதையாக அன்றைக்கே சோற்றையும் விட்டுவிடுகிறார்கள். முதல் சில வாரங்களில் பசி எது, சிகரெட் கேட்கும் தவிப்பு எது என்று உங்களுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. பட்டினி கிடப்பவன் நாலாவது நாள் பெட்டிக்கடையில் நிற்பான். மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். காலையில் டீயும் தம்மும்தான் டிபன் என்று இருந்தவர்கள் இனி இரண்டு இட்லியாவது சாப்பிட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் பதினோரு மணிக்கு உடம்பு எதையாவது கேட்கும், எதைக் கேட்கும் என்பது உங்கள் கையில் இருக்காது.

பேக்கரியை விடாதது

கோயம்புத்தூரில் டீக்கடை என்றால் பேக்கரிதான். வெளியூர்க்காரர்கள் பேக்கரி என்று கேட்டதும் பிறந்தநாள் கேக் வாங்கும் இடம் என்று நினைப்பார்கள். இங்கே முன்பக்கம் டீ மாஸ்டர், அவருக்குப் பக்கத்திலேயே கண்ணாடிப் பெட்டி, அதற்குள் பப்ஸ், தேங்காய் பன், கிரீம் பன், தேன் கேக். பட்டறைக்காரன் தம் அடிக்க ஒதுங்குவதும் அதை ஒட்டித்தான். மெஷினை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் வெளியே வர ஒரு சாக்கு வேண்டும், சிகரெட்தான் அந்தச் சாக்கு.

விடுகிறவன் சிகரெட்டை மட்டும் விடுகிறான். அதே பத்தரை மணி, அதே பேக்கரி, அதே நாலு பேர். மற்ற மூவரும் பற்ற வைக்கிறார்கள். இவனுக்கு ஒரு கையில் டீ கிளாஸ், இன்னொரு கை சும்மா. சும்மா இருக்கும் கை எங்கே போகும்? கண்ணாடிப் பெட்டிக்குத்தான். முதல் வாரம் பட்டர் பிஸ்கட். இரண்டாவது வாரம் தேங்காய் பன். மூன்றாவது வாரம் இவன் தெருமுனையில் வரும்போதே மாஸ்டர் பப்ஸை எடுத்துப் பேப்பரில் வைத்துவிடுகிறார்.

போன மாதம் வந்த இருவரில் ஒருவன் சிஎன்சி என்ற கம்ப்யூட்டர் மெஷின் ஓட்டும் தம்பி. பேக்கரி வாசலில்தான் பிடித்தேன். "நிக்கோட்டின் நின்னா மெட்டபாலிசம் படுத்துக்குமாம்ணா, யூடியூப்ல சொன்னாங்க. நாம ஒண்ணும் பண்ண முடியாதுங்ணா" என்றான். சொல்லும்போது கையில் முட்டை பப்ஸ், பாதி காலி. எத்தனை வருடம் ஆனாலும் எனக்கு இந்த ஒன்றைப் பார்த்தால்தான் எரிச்சல் வருகிறது. மெட்டபாலிசம் பொய் இல்லை, மேலே நானே சொன்னேன். ஆனால் அது 200 கலோரி. பேக்கரி டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 10 கிராம். நாளுக்கு ஐந்து டீ என்றால் 50 கிராம். கிராமுக்கு 4 கலோரி வீதம் அதுவும் 200. அதாவது ஐந்து டீயையும் சர்க்கரை இல்லாமல் குடித்தாலே மெட்டபாலிசக் கணக்கு நேராகிவிடுகிறது. ஒரு வேளை பட்டினி கிடக்க வேண்டாம், ஜிம்முக்குப் பணம் கட்ட வேண்டாம். அதைச் செய்யாமல், அதற்கு மேல் மைதாவையும் வனஸ்பதியையும் மடித்து மடித்துச் சுட்ட ஒன்றைத் தின்றுகொண்டே நிக்கோட்டினைத் திட்டினால் எப்படி?

இதில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது, அது யாருக்கும் தெரிவதில்லை. சிகரெட் புகையில் உள்ள சில ரசாயனங்கள் கல்லீரலில் ஒரு நொதியை முடுக்கிவிடுகின்றன. காஃபினை உடைத்து வெளியேற்றுவது அந்த நொதிதான். அதனால்தான் தம் அடிப்பவனால் எத்தனை டீ வேண்டுமானாலும் குடித்துவிட்டுத் தூங்க முடிகிறது. புகை நின்றதும் சில நாட்களில் நொதியின் வேகம் குறைந்துவிடும். அதே ஐந்து டீதான் குடிக்கிறீர்கள், ஆனால் ரத்தத்தில் நிற்கும் காஃபின் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடுகிறது. கை நடுங்கும், படபடப்பு வரும், ராத்திரி தூக்கம் வராது. இவன் என்ன நினைப்பான்? சிகரெட் இல்லாததால்தான் இப்படி என்று நினைப்பான். அதைத் தணிக்க இன்னொரு டீ, கூடவே ஒரு பன். தூக்கம் கெட்டால் மறுநாள் பசி அதிகமாகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டீ எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், சாயங்காலத்துக்கு மேல் வேண்டவே வேண்டாம்.

சிகரெட் தவிப்பைத் தணிக்க நிக்கோட்டின் சூயிங்கம் வாங்கி மெல்பவர்கள் பேக்கரியில் நின்றபடியே அதையும் வீணாக்குகிறார்கள். டீயும் காபியும் வாயில் புளிப்புத்தன்மையைக் கூட்டிவிடுவதால் கம்மிலிருந்து வரும் மருந்து சரியாக உறிஞ்சப்படாது. மெல்வதற்கு முன் 15 நிமிடமும், மெல்லும்போதும் தண்ணீர் தவிர எதுவும் கூடாது. சும்மா அசைபோடவும் கூடாது. நாலு கடி கடித்து, சுள்ளென்று வந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். டீயோடு மென்றுவிட்டு "கம் வேலைக்கு ஆகலைங்ணா" என்றால் எப்படி ஆகும்? ஒழுங்காகப் பயன்படுத்தினால் அது எடை ஏறுவதையும் கொஞ்சம் தள்ளிப்போடும்.

அப்படியென்றால் வெளியே வரக்கூடாதா என்று கேட்பார்கள். வாருங்கள். அந்த ஐந்து நிமிடம் உங்களுக்குச் சொந்தம், அதை எதற்கு விட வேண்டும்? பேக்கரி இருக்கும் பக்கம் போகாமல் எதிர்ப்பக்கம் தெருக்கோடிவரை நடந்துவிட்டு வாருங்கள். தவிப்பு ஒவ்வொரு முறையும் சில நிமிடம்தான் நிற்கும், நடந்து திரும்புவதற்குள் தணிந்திருக்கும். போன மாதம் வந்த இன்னொருவர் பவுண்டரியில் இருக்கும் மூத்தவர். அவர் வீட்டிலிருந்து பிளாஸ்கில் சர்க்கரை இல்லாத டீயும், டப்பாவில் வெள்ளரி, கொய்யாத் துண்டுகளும் கொண்டுவர ஆரம்பித்தார். கூட்டாளிகள் ஒரு வாரம் "என்னங்ணா, பள்ளிக்கூடத்துல சேந்துட்டீங்களா" என்று ஓட்டினார்கள். அப்புறம் அவர்களே டப்பாவில் கை விட ஆரம்பித்துவிட்டார்கள்.

மூன்று மாதம் போதும். முதல் 3 மாதம்தான் எடை வேகமாக ஏறும் காலம் என்று சொன்னேன் அல்லவா, அதுவரை பேக்கரிக்கு லீவு.

சட்டைப்பையில் மிட்டாய்

சீரகம், ஏலக்காய், கிராம்பு இருக்கட்டும். மிட்டாய் வேண்டாம்.

சாப்பாட்டை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் போவது

சாப்பிட்ட பின் அடிக்கும் அந்த ஒரு தம்தான் இத்தனை வருடமும் சாப்பாட்டுக்கு முற்றுப்புள்ளியாக இருந்தது. அது இல்லாததால் கை காய்ந்த பிறகும் இலை முன்னால் உட்கார்ந்திருப்பீர்கள். இதற்கு நடுவே மணமும் ருசியும் திரும்பியிருக்கும். ரசத்தில் பெருங்காயம் இருப்பதே பல வருடம் கழித்து அப்போதுதான் தெரியும். மனைவிக்கோ அம்மாவுக்கோ அதில் ஏக சந்தோஷம், இன்னொரு கரண்டி விழும். எழுந்து கை கழுவியதும் நேராகப் போய்ப் பல் துலக்கிவிடுங்கள். துலக்கிய வாயில் பாயசம் இறங்காது.

பாக்கு, பான் மசாலா

கூடவே கூடாது. புகையிலை கலக்காத வெறும் பாக்கே புற்றுநோய் வரவழைக்கும்.

வயிற்று உப்புசத்தைக் கொழுப்பு என்று நினைப்பது

காலையில் ஒரு தம் அடித்தால்தான் வெளியே போகும் என்று பழகியவர்கள் நிறையப் பேர். நிக்கோட்டின் குடலையும் முடுக்கும் என்பதால் அது வெறும் மனப்பிரமை இல்லை. விட்டதும் சில வாரம் மலச்சிக்கல் வரும், வயிறு கல்லாகும், பெல்ட் ஒரு ஓட்டை தள்ளிப்போகும். அது தொப்பை இல்லை. எழுந்ததும் வெந்நீர், ராத்திரி வாழைப்பழம், மதியம் கீரை. அதிலும் சரியாகாவிட்டால் டாக்டரைப் பாருங்கள்.

தினமும் எடை மெஷினில் ஏறுவது

வாரம் ஒரு நாள், அதே கிழமை, காலையில். போதும்.

"எடை குறையட்டும், அப்புறம் மறுபடி விடுறேன்"

இதைச் சொல்லிவிட்டுப் பற்ற வைத்தவர்களை நிறையப் பார்த்தாயிற்று. தொப்பை அப்படியே இருக்கும், சிகரெட்டும் கூட வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒல்லியாகத் தெரியும் புகைப்பிடிப்பவர்களுக்கும் கொழுப்பு இடுப்பைச் சுற்றிச் சேர்வது அதிகம் என்பதை யாரும் கவனிப்பதில்லை. எடை ஏறினால் சிகரெட்டை விட்ட பலன் போய்விடுமா என்ற கேள்விக்கே 2018ல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வு ஒன்று பதில் தேடியது. விட்ட பிறகு எடை ஏறியவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சில வருடம் கூடுகிறது, 5 முதல் 7 வருடத்தில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்குகிறது. ஆகவே எடையைக் கவனிக்காமல் விடவும் கூடாது, வருடம் ஒரு முறை ரத்தச் சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் தொடர்ந்து பிடித்தவர்களோடு ஒப்பிட்டால், எத்தனை கிலோ ஏறியவர்களுக்கும் இதய நோயால் சாகும் ஆபத்து குறைவாகவே இருந்தது.

டாக்டரிடம் சொல்லாமல் விடுவது

மேலே சொன்ன அதே கல்லீரல் நொதி சில மருந்துகளையும் உடைக்கிறது. ஆஸ்துமாவுக்குத் தரும் தியோஃபிலின், மனநல சிகிச்சையில் தரும் ஓலன்சபின், குளோசபின் ஆகியவை புகை நின்றதும் ரத்தத்தில் அதிகமாகத் தங்கும். ஓலன்சபின் ஏற்கெனவே எடை கூட்டும் மருந்து. இன்சுலின் போடுபவர்களுக்கும் அளவு மாற வேண்டியிருக்கலாம். நீங்களாகக் குறைக்காதீர்கள், சிகரெட்டை நிறுத்தப்போகும் தேதியை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். சூயிங்கம் தவிர மாத்திரைகளும் உண்டு, அதையும் அவரிடமே கேட்கலாம். டாக்டரிடம் போகத் தயக்கமாக இருந்தால் புகையிலையை விட உதவும் மத்திய அரசின் இலவச எண் 1800-11-2356 இருக்கிறது.