மடக்கைப் பெருக்கியால் சிக்னல் திறனை அளக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காசிமேடு துறைமுகத்துப் படகுகளின் விஎச்எஃப் ரேடியோ செட்டுகளைப் பழுது பார்ப்பவர்கள், ஏடி8307 போன்ற மடக்கைப் பெருக்கிச் சிப் (உள்ளீட்டின் மடக்கைக்கு, அதாவது லாகுக்கு, ஏற்ப மின்னழுத்தம் தருவது) ஒன்றையும் சில உதிரிகளையும் கொண்டு, செட் வெளியிடும் திறனை அளக்கும் மீட்டரைத் தாங்களே செய்துகொள்ளலாம். சுற்று தவறாக அமைந்தாலும் நம்பத்தகுந்த ஓர் எண்ணையே அது காட்டும் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. 1 டெசிபெல் பிழை இருந்தால், 25 வாட் செட்டை ஏறத்தாழ 20 வாட் என்றோ 31 வாட் என்றோ காட்டிவிடும்.

இந்தச் சிப் திறனை அளக்கிறது என்று எண்ணுவதே எல்லாவற்றிலும் பெரிய தவறு. அது உணர்வது உள்ளீட்டு மின்னழுத்தத்தை மட்டுமே. அந்த மின்னழுத்தம் 50 ஓம் சுமையின் மீது விழுகிறது என்பது உறுதியானால்தான் அதைத் திறனாகக் கணக்கிட முடியும். ஏடி8307-இன் உள்ளீட்டு மின்தடை ஏறத்தாழ 1,100 ஓம் ஆதலால், உள்ளீட்டின் குறுக்கே 52.3 ஓம் ரெசிஸ்டரை இணைத்தே 50 ஓமுக்குக் கொண்டுவர வேண்டும். அலைவடிவமும் கணக்கை மாற்றும். சைன் அலைக்கு அளவு திருத்திய மீட்டர், அதே திறனுள்ள இரைச்சலைச் சுமார் 2.5 டெசிபெல் குறைத்தும் சதுர அலையைச் சுமார் 3 டெசிபெல் கூட்டியும் காட்டும். கடல் விஎச்எஃப், அலையின் உயரம் மாறாத எஃப்எம் முறையில் இயங்குவதால் அங்கே இது தொல்லை தராது. குரலுக்கேற்ப அலையின் உயரம் மாறும் எஸ்எஸ்பி முறைப் பேச்சை அளப்பவர் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

25 வாட் என்பது 44 டிபிஎம் (1 மில்லிவாட்டுக்கு மேல் எத்தனை டெசிபெல் என்ற அளவு). சிப் அளக்கக்கூடிய உச்சமோ சுமார் 17 டிபிஎம். ஆகவே, அந்த வாட்டைத் தாங்கும் 40 டெசிபெல் அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் கருவி) இல்லாமல் செட்டை இணைக்கவே கூடாது. சிப்பைத் தகரப் பெட்டிக்குள் அடைக்காமல் விடுவதும் தவறு: 500 மெகாஹெர்ட்ஸ் வரை எதையும் ஏற்கும் உள்ளீடு, சுற்றிலுமுள்ள ஒலிபரப்பையும் சேர்த்தே அளந்துவிடும்.

தனி டிரான்சிஸ்டரையும் ஆப்-ஆம்ப்பையும் கொண்டு மடக்கைச் சுற்று கட்டுவோருக்கு வெப்பமே முதல் எதிரி. டிரான்சிஸ்டரின் கலெக்டர் மின்னோட்டம் பத்து மடங்காகும்போது அதன் பேஸ்-எமிட்டர் மின்னழுத்தம் 25 டிகிரியில் சுமார் 59 மில்லிவோல்ட் கூடும். சித்திரை வெயிலில் பட்டறை 40 டிகிரியைத் தொட்டால் இந்த 59 மில்லிவோல்ட் சரிவு 5 விழுக்காடு உயரும், டிரான்சிஸ்டரின் கசிவு மின்னோட்டமோ பல மடங்காகும். ஒரே உறையிலுள்ள, ஒன்றுக்கொன்று ஒத்த இரு டிரான்சிஸ்டர்களும் வெப்பத்திற்கேற்ப மாறும் ரெசிஸ்டரும் இதற்குத் தேவை.

அளவு திருத்தும்போது ஒரே ஒரு புள்ளியை மட்டும் பார்ப்பது போதாது. ஏடி8307 டெசிபெலுக்கு 25 மில்லிவோல்ட் தருவதால், 1 வாட்டுக்கும் 25 வாட்டுக்கும் இடையிலுள்ள 14 டெசிபெலுக்கு 350 மில்லிவோல்ட் வேறுபாடு வர வேண்டும். செட்டின் 1 வாட், 25 வாட் நிலைகளையே இதற்கு நம்பாமல், திறன் அறிந்த சிக்னல் ஜெனரேட்டரையும் படி அட்டெனுவேட்டரையும் கொண்டு சரிவையும் (டெசிபெலுக்கு எத்தனை மில்லிவோல்ட் என்பது) தொடக்கப் புள்ளியையும் தனித்தனியே சரிபார்க்க வேண்டும்.